அறுவை முடிந்த பின்னும் ஏன் வர வேண்டும்?

குழந்தைப் பருவத்தில் இடுப்பு மூட்டில் சீழ் பிடித்துச் சிதைந்துபோன பிள்ளைகளின் பெற்றோர், சீரமைப்பு அறுவை சிகிச்சைக்கு முன் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "ஆபரேஷன் முடிஞ்சா பிள்ளை நொண்டாம நடந்துருமா, டாக்டர்?" நியாயமான கேள்விதான். ஆயினும் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. இந்த மூட்டு இருபத்தைந்து வயதில் எப்படி இருக்கும்? அதைப் பெற்றோர் கேட்பதில்லை. மருத்துவர்களாகிய நாங்களும் பல நேரங்களில் எடுத்துச் சொல்வதில்லை. இரு தரப்பும் இனி அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

பச்சிளங்குழந்தையின் இரத்தத்தில் கலக்கும் கிருமி, பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், தொடை எலும்பின் மேல்முனையில் தங்கி, அங்கிருந்து எளிதில் மூட்டுக்குள் பரவுகிறது. சீழின் அழுத்தத்தால் இரத்த ஓட்டம் தடைப்படுகிறது, குருத்தெலும்பு அரிக்கப்படுகிறது. 1874-இல் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் தாமஸ் ஸ்மித் இந்நோயை விவரித்த காலத்தில் குழந்தைகள் பலர் உயிரையே இழந்தனர். இன்று பெரும்பாலும் உயிர் காக்கப்படுகிறது. ஆனால் சீழை வெளியேற்றத் தாமதமானால் மூட்டைக் காக்க இயலுவதில்லை. காய்ச்சலே இல்லாமலும் இந்நோய் வரலாம். குழந்தை ஒரு காலை அசைக்காதிருப்பதும், துணி மாற்றும்போது வீறிட்டு அழுவதும் மட்டுமே சில வேளைகளில் அறிகுறிகள். அதை "உரம் விழுந்தது" என்று எண்ணித் தடவிக் கழிக்கும் நாட்களைத் திரும்பப் பெற முடியாது.

தொற்று அடங்கிவிட்டாலும் அதன் விளைவு குழந்தையோடு சேர்ந்து வளர்கிறது. தொடை எலும்பின் வளர்ச்சியில் ஏறக்குறைய 30 விழுக்காட்டை அதன் மேல்முனை வளர்ச்சித் தட்டு தருகிறது. அது சிதைந்தால், மூன்று வயதில் கண்ணுக்குப் புலப்படாத கால் குட்டை, பதினான்கு வயதில் சில சென்டிமீட்டராகிவிடும். அறுவையின் பலனும் அவ்வாறே மாறுகிறது. எலும்பின் தலை முற்றிலும் அழிந்த பிள்ளைகளுக்கு, தொடை எலும்பின் பக்கவாட்டு மேட்டைக் குழிக்குள் பொருத்தும் முறை ஒன்று உண்டு. தொடக்க ஆண்டுகளில் நன்றாகத் தோன்றும் அம்மூட்டு, பின்னாளில் பலருக்கு இறுகி வலிக்கத் தொடங்குகிறது. எலும்பை வளைத்து இடுப்புக்குத் தாங்கலாக்கும் இலிசரோவ் முறையை மிக இளவயதில் செய்தால், வளர்ச்சியின் போக்கில் அந்த வளைவு நிமிர்ந்துவிடுகிறது. ஆகவேதான் சில பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதளவும் காத்திருக்கச் சொல்கிறோம். அது அலட்சியம் அன்று. சிகிச்சையின் ஒரு பகுதி.

சில ஆண்டுகளுக்கு முன் பதினேழு வயது இளைஞர் ஒருவர் வந்தார். ஏழு வயதில் நன்றாக நடந்ததால் பெற்றோர் வருகையை நிறுத்திவிட்டனர். இப்போது ஒரு கால் நான்கு சென்டிமீட்டர் குட்டை. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வந்திருந்தால், நல்ல காலின் முழங்கால் அருகிலுள்ள வளர்ச்சித் தட்டைச் சிறு அறுவையால் நிறுத்தி இரு கால்களையும் ஏறத்தாழச் சமமாக்கியிருக்கலாம். வளர்ச்சி முடிந்த பின் அந்த வாய்ப்பு இல்லை. எஞ்சியவை உயரம் கூட்டிய காலணியும், நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் எலும்பை நீட்டும் வளையமும்தான். அவருடைய தந்தை, "நல்லாத்தானே நடந்தான்னு விட்டுட்டோம்" என்றார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. எப்போது திரும்பி வர வேண்டும் என்பதை அவருக்கு யாரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எக்ஸ்ரேயில் எலும்பின் தலையே இல்லாத சிறுமி ஒருத்தி வலியின்றிப் பள்ளிக்கு நடக்கிறாள். தரையில் சம்மணமிட்டு அமர்கிறாள். சற்றே சாய்ந்து நடக்கிறாள், அவ்வளவே. "பொம்பளப் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா?" என்று உறவினர் உடனே அறுவை செய்யச் சொல்கின்றனர். வலியற்று மடங்கும் மூட்டு ஒரு செல்வம். நடையின் சாய்வைக் குறைக்கப்போய், வலியையும் இறுக்கத்தையும் பெற்றுக்கொண்டால் இழப்பு அவளுக்கே. இதனால் அறுவையே வேண்டாம் என்று பொருளில்லை. எலும்பின் தலை பிழைத்திருந்து குழியை விட்டு நழுவுகிறது என்றால், தாமதம்தான் தீங்கு. எந்தப் பிள்ளைக்கு எது, எப்போது என்பதே கேள்வி.

ஒவ்வொரு வருகைக்கும் பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் போகின்றன என்பதை நான் அறிவேன். ஆயினும் வளர்ச்சி முடியும்வரை, அதாவது பெண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய 14 வயது, ஆண் பிள்ளைகளுக்கு 16 வயதளவும், நன்றாக நடந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அழைத்து வாருங்கள். கால் நீளம், மூட்டின் அசைவு, எக்ஸ்ரே ஆகிய மூன்றையும் பார்த்து முடிவெடுக்க அந்த ஒரு நாள் போதும். அறுவைக்கு முன்பே, "அடுத்த பத்து ஆண்டுகளில் என்னென்ன நேரலாம்?" என்று எங்களைக் கேளுங்கள். அடுத்து வரவேண்டிய மாதத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். அது எங்கள் கடமை.

பழைய எக்ஸ்ரேக்களையும் டிஸ்சார்ஜ் சீட்டுகளையும் தூக்கி எறியாதீர்கள். இப்பிள்ளைகளில் சிலருக்குப் பின்னாளில் செயற்கை மூட்டு தேவைப்படும். அன்று அவர்களுக்கு அறுவை செய்யப்போகும் மருத்துவர், தொற்று எந்த வயதில் வந்தது, என்ன கிருமி, எலும்பை எங்கே வெட்டினார்கள் என்று கேட்பார். உங்கள் பிள்ளை அப்போது நாற்பது வயதைக் கடந்திருக்கலாம். நீங்கள் இன்று பத்திரப்படுத்தும் அந்தக் கோப்புதான் அவருக்குப் பதில் சொல்லும்.