நஞ்சை நிலமும் நஞ்சு நிலமும்

நஞ்சை நிலத்தை மனையாக்க நினைப்பவர் சர்க்காரிடம் அனுமதி பெற வேண்டும். 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும், 2017-இல் வந்த நிலப்பயன் மாற்ற விதிகளும் அப்படித்தான் சொல்லுகின்றன. நல்ல விதிதான். சோறு போடும் மண் சுலபமாக மறைந்துவிடலாகாது.

ஆனால் பாலாற்றங்கரையில் நடந்தது என்ன? வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் ஆற்றிலும் வயலிலும் கலந்தது. கிணற்று நீர் கரித்தது, பயிர் கருகியது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமற் போனதை, 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலே எடுத்துக்காட்டியது.

இந்த மாற்றத்துக்கு மனுப் போட்டவர் யார்? இசைவு தந்த அதிகாரி யார்? ஒருவருமில்லை. உழவர் தம் நிலத்தைத் தாமே மாற்றினால் சட்டம் தடுத்துக் கேட்கிறது. பிறர் விட்ட கழிவு அதை மாற்றியபோதோ, பதிவேட்டில் ‘நஞ்சை’ என்ற சொல் மட்டும் பசுமையாக நிற்கிறது!

விதியே இல்லை என்பதற்கில்லை. ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடும் மாசு தரும் தொழிற்சாலைகள் கூடாதென்று 1989-லேயே அரசாணை பிறந்தது. அதை உடனே அமல்படுத்துமாறு 1996-இல் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. 2001-இல் 29,000-க்கும் மேற்பட்டோருக்கு நஷ்டஈடு நிர்ணயமாயிற்று. எஞ்சியோருக்கு அது சேரவேண்டுமென்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் கட்டளையிட வேண்டியிருந்தது.

தோல் தொழிலை மூடிவிடுவது பரிகாரமாகாது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் உலை அதனால்தான் கொதிக்கிறது. ஆனால் ஒருவர் உலை கொதிக்க இன்னொருவர் கழனி காயலாமா?

செய்யவேண்டியது எளிது. ஒவ்வொரு சர்வே எண்ணிலும் என்ன பயிர் என்பதை அடங்கலில் எழுதும் கிராம நிர்வாக அலுவலர், மண்ணும் கிணற்று நீரும் எந்நிலையில் இருக்கின்றன என்பதையும் ஆண்டுக்கொருமுறை சோதனை முடிவுடன் எழுதட்டும். ‘தரிசு’ என்று எழுதினால் பழி உழவர்மேல் விழும். ‘கழிவுநீரால் கெட்டது’ என்று எழுதினால் பொறுப்பு உரிய இடத்திற்குப் போய்ச் சேரும். அந்தப் பதிவைக் காட்டி நிலத்தை மனையாக்கவும் இடம் தரலாகாது. மண் தேறும்வரை செலவு கெடுத்தவருடையதே.

ஏட்டிலே நஞ்சை விளைந்தால் போதாது, வயலிலும் விளையவேண்டும்.