போனை மாற்றும் முன் கொஞ்சம் யோசியுங்கள்



நம்ம பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். கூலிப் பேச்சு எதுவும் காகிதத்தில் இல்லை. மேஸ்திரி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவதுதான் ஒப்பந்தம். கைமாற்றும் அப்படித்தான். புரோநோட்டு போய், "அடுத்த மாசம் தந்துடறேன்" என்று ஒரு மெசேஜ். தகராறு வந்தால், "ஸ்கிரீன்ஷாட் இருக்குங்க சார்" என்கிறார்கள்.

கோர்ட்டில் அது மட்டும் போதாது. 2014-ல் அன்வர் எதிர் பஷீர் என்ற கேரளத் தேர்தல் வழக்கில், மின்னணுப் பதிவின் நகலைக் கொடுத்தால் சட்டப்படியான சான்றிதழும் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2020-ல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கிலும் அதையே உறுதி செய்தது. அந்தத் தீர்ப்பில் நமக்கு உதவும் ஒரு வரி உண்டு: போனுக்குச் சொந்தக்காரரே கூண்டில் ஏறி, பதிவு முதலில் சேமிக்கப்பட்ட அந்தப் போனையே காட்டி நிரூபித்தால் சான்றிதழ் தேவையில்லை.

2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டம், பாரதிய சாக்ஷ்ய அதினியம். அதன் 63-ஆவது பிரிவில் சான்றிதழ் இரண்டு பாகம். ஒன்றில் பதிவைத் தருபவர் கையெழுத்து, இன்னொன்றில் நிபுணர் கையெழுத்து. ஹேஷ் எண்ணும் குறிக்க வேண்டும். அது கோப்பின் கைரேகை மாதிரி, ஓர் எழுத்தைத் திருத்தினாலும் மாறிவிடும்.

போலி ஆடியோவும் போலிப் படமும் மலிந்த காலத்தில் இந்தக் கண்டிப்பு நியாயம்தான். ஆனால் எட்டாயிரம் ரூபாய் கூலி பாக்கிக்கு அலைகிறவன் நிபுணரை எங்கே தேடுவான்? பென்னாகரம் பஸ் ஸ்டாண்டிலா? அவருக்குக் கொடுக்கும் பணம் பாக்கியையே தின்றுவிடாதா? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வக்கீலை இலவசமாகத் தருகிறது. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமானமே பார்ப்பதில்லை. அதே இடத்தில் இந்தச் சான்றிதழுக்கும் ஒருவரை அமர்த்த வேண்டும். அதுவரை புதிய சட்டம் வசதியுள்ளவன் பக்கமே சாயும் என்பது என் கருத்து.

ஜிபேயில் பணம் போயிருந்தால் அவ்வளவு கவலையில்லை. வங்கியில் சான்றொப்பமிட்ட கணக்கு நகல் கேளுங்கள். அதற்கு 1891-லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டான் வெள்ளைக்காரன்!

மற்றபடி, பாக்கி தீரும்வரை அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள். தானாக மெசேஜ் மறையும் வசதியை நிறுத்தி வையுங்கள். திரை உடைந்தாலும் பீரோவில் கிடக்கட்டும்.