இருபது டாலர் நோட்டு

டிஸ்கி: எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை, குழந்தை குட்டி கிடையாது. அதனால "உனக்கெதுக்குய்யா ஸ்கூல் விவகாரம்"னு யாரும் பின்னூட்டத்துல கேட்கக் கூடாது. எல்லாம் அக்காவால வந்தது.

அக்கா போன் பண்ணி "டேய், ஞாயித்துக்கிழமை சாப்பிட வா, வரும்போது லேப்டாப்பையும் எடுத்துட்டு வா"ன்னு சொன்னா, சாம்பாரோட சேர்த்து ஒரு வேலையும் காத்திருக்குன்னு அர்த்தம். வான்கூவர் பக்கத்துல சர்ரேல இருக்காங்க. பையன் மூணாம் கிளாஸ். இந்த வருஷம் அக்காதான் அந்தப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சங்கத்துக்குப் பொருளாளர். தேர்தல்லாம் ஒண்ணுமில்ல. கூட்டத்துல "யாருக்கு விருப்பம்?"னு கேட்டப்போ எல்லாரும் குனிஞ்சு செல்போனைப் பார்த்திருக்காங்க, இவங்க மட்டும் நிமிர்ந்து பார்த்துட்டாங்க. அவ்ளோதான்.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல இதுக்குப் பேரு பேரண்ட் அட்வைசரி கவுன்சில். சுருக்கமா 'பேக்'. 1989ல வந்த பள்ளிச் சட்டத்துலயே இதுக்கு இடம் இருக்கு, ஒரு பள்ளிக்கு ஒரு சங்கம். நம்ம ஊர் பெற்றோர் ஆசிரியர் கழகத்துல இருந்து ஆசிரியரைக் கழிச்சா வர்றது. பீட்ஸா வித்து, கேக் வித்து, ஹாட் டாக் வித்து காசு சேர்ப்பாங்க. அது போக அரசாங்கம் வருஷா வருஷம் மாணவர் தலைக்கு 20 டாலர் குடுக்குது. அந்த விண்ணப்பத்தை நிரப்பத்தான் என்னைக் கூப்பிட்டது.

விண்ணப்பத்துப் பேரு 'கேமிங் கிராண்ட்'. பார்த்ததும் எனக்கு ஒரே குஷி. ஆகா, பசங்களுக்கு வீடியோ கேம் வாங்க அரசாங்கமே காசு குடுக்குதா, இது தெரியாம நான் சொந்தக் காசுல பிளேஸ்டேஷன் வாங்கிட்டேனேன்னு நினைச்சேன். மாமா சிரிச்சுட்டு, "அது சூதாட்டம்டா. கேசினோ, லாட்டரி. அந்தக் காசு"ன்னார். பேர் வைக்கிறதுல அரசாங்கங்களை அடிச்சுக்க முடியாது. சூதுன்னு சொன்னா பாவம், கேமிங்னு சொன்னா பொழுதுபோக்கு.

விதிமுறைகளைப் படிச்சேன். ஏப்ரல் 1ல இருந்து ஜூன் 30க்குள்ள விண்ணப்பிக்கணும். செப்டம்பர் மாசத் தலைக்கணக்கை எடுத்துப்பாங்க. இந்தப் பள்ளியில 310 பசங்க, ஆக 6,200 டாலர். பணத்தைப் பீட்ஸாப் பணத்தோட கலக்கக் கூடாது, தனி வங்கிக் கணக்கு வேணும். செக்குல ரெண்டு பேர் கையெழுத்து. 36 மாசத்துக்குள்ள செலவு பண்ணணும். வருஷக் கடைசியில கணக்கு அனுப்பணும். விளையாட்டு, நாடகம், செஸ் போட்டி, விளையாட்டுத் திடல்னு பாடத்துக்கு வெளியே இருக்கிறதுக்கு மட்டும்தான் செலவு பண்ணலாம், பாடப்புத்தகம் வாங்கக் கூடாது. விதிகள் ஒழுங்காத்தான் இருக்கு. நான் ஒரு எக்ஸெல் ஷீட் போட்டுக் குடுத்தேன், அக்கா ரசம் ஊத்தினாங்க. இதோட முடிஞ்சிருந்தா பதிவே கிடையாது.

அந்த வாரம் நடந்த கூட்டத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போனாங்க (எக்ஸெல்ல ஏதாச்சும் கேட்டா பதில் சொல்ல). விண்ணப்பம் பத்தி அக்கா சொல்லி முடிச்சதும் பின்வரிசையில ஒரு அப்பா எழுந்தார். ரொம்ப மெதுவாப் பேசினார். "எங்க மார்க்கத்துல சூதாட்டக் காசு ஆகாது. என் ரெண்டு பசங்க பேருக்கு வர்ற பணத்தை மட்டும் வேண்டாம்னு எழுத முடியுமா?"

முடியாது. கணக்கு பள்ளிக்கூடத்து மொத்தத் தலைக்கு. ஒரு பையனை மட்டும் கழிக்கிறதுக்கு அதுல கட்டம் இல்ல. அக்கா அதைச் சொன்னாங்க. அவர் தலையாட்டிட்டு உட்கார்ந்துட்டார். சண்டை போடலை. கூட்டம் முடிஞ்சு கிளம்பும்போது அக்காகிட்ட வந்து, சுற்றுலா பஸ்ஸுக்கு அவர் பசங்களோட பங்கு எவ்வளவுன்னு கேட்டுப் பணமாக் குடுத்தார். "பீட்ஸாக் கணக்குல போடுங்க"ன்னார்.

ஒரு அம்மா கார் பார்க்கிங்ல சொன்னாங்க, "காசுக்கு என்ன மதம்? கெட்ட இடத்துல இருந்து நல்ல இடத்துக்கு வருதுன்னு நினைச்சுக்க வேண்டியதுதானே?" நியாயமான கேள்விதான். நானும் ரெண்டு நாள் அப்படித்தான் நினைச்சேன். என்னை மாத்தினது ரெண்டு விஷயம்.

ஒண்ணு என் பழைய ரூம்மேட். பேர் வேண்டாம். ரெண்டு பேரும் ஒரே வருஷம் இங்க வந்து இறங்கினோம், ஒரே பேஸ்மென்ட், ஒரே ரைஸ் குக்கர். முதல் குளிர்காலத்துல ஆபீஸ் நண்பர்களோட சும்மா ஒரு நாள் கேசினோ போனான். 200 டாலர் ஜெயிச்சுட்டு வந்து எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் குடுத்தான். அந்த பிரியாணிதான் வினை. மார்ச் மாசம் முடியறப்போ 12,000 டாலருக்கு மேல போயிருந்தது. தங்கச்சி கல்யாணத்துக்குன்னு சேர்த்தது. அவன் ஒண்ணும் முட்டாள் இல்ல, நிகழ்தகவுல என்னை விட நல்ல மார்க் வாங்கினவன். ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து செருப்பைக் கழட்டாம கட்டில் ஓரத்துல உட்கார்ந்திருப்பான். எக்ஸெல்ல 6,200ஐப் பார்த்தப்போ எனக்கு அவன் ஞாபகம்தான் வந்தது. அவன் ஒருத்தன் அந்த ஒரு குளிர்காலத்துல தொலைச்சது, இந்தப் பள்ளிக்கூடத்து 310 பசங்களோட ரெண்டு வருஷப் பணம்.

ரெண்டாவது, 20 டாலர் நோட்டு. இந்த மாகாணத்துல இருக்கிறவங்களுக்கு இந்தக் கதை தெரியும், மத்தவங்களுக்காகச் சொல்றேன். 2015 ஜூலை, அந்த ஒரே மாசத்துல, ரிச்மண்ட்ல இருக்கிற ஒரு கேசினோ சுமார் 1 கோடியே 35 லட்சம் டாலரை 20 டாலர் நோட்டுகளா மட்டும் வாங்கிப் போட்டிருக்கு. அரசாங்கம் ஏற்பாடு பண்ணின தணிக்கை அறிக்கையிலயே இருக்கு. 2016ல எழுதின அறிக்கை, 2017ல ஆட்சி மாறின அப்புறம் அப்போதைய அட்டர்னி ஜெனரல் டேவிட் ஈபி வெளியிட்ட பிறகுதான் ஜனங்களுக்குத் தெரிஞ்சது. பை பையா நோட்டுக் கட்டைக் கொண்டு வந்து கொட்டியிருக்காங்க. கறுப்புப் பணம் வெளுக்கிற கதை. அப்புறம் நீதிபதி கல்லன் தலைமையில விசாரணைக் கமிஷன், 2022ல பெரிய அறிக்கை, எல்லாம் நடந்தது.

சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன் (வேற வேலை என்ன). ஒரு கோடியே 35 லட்சத்தை இருபதால வகுத்தா 6 லட்சத்து 75 ஆயிரம் நோட்டு. அப்போ மாகாணம் முழுக்க இருந்த ஒவ்வொரு பள்ளிப் பையனுக்கும் பொண்ணுக்கும் ஒரு நோட்டு குடுத்திருந்தாலும், மிச்சம் இருந்திருக்கும். ஒரே கேசினோ, ஒரே மாசம்!

"அப்ப அவ்வளவு வருமானம் வந்தா பசங்களுக்கும் அதிகமா வந்திருக்குமே?"ன்னு கேட்பீங்க. அங்கதான் விஷயமே. வரலை. வராது. கேசினோ வருமானம் ஏறினா தலைக்கு 20 டாலர் 21 ஆகாது. 2018-19ல லாட்டரிக் கழகத்தோட நிகர வருமானம் 140 கோடி டாலர். எல்லாப் பள்ளிச் சங்கங்களுக்கும் சேர்த்துக் குடுக்கிறது சுமார் 1 கோடியே 10 லட்சம். நூறு டாலருக்கு 80 சென்ட் கூட தேறலை. மிச்சத்துல பெரும்பகுதி ஆஸ்பத்திரி, பொதுச் செலவுன்னு மாகாணத்தோட பொதுக் கஜானாவுக்குத்தான் போகுது. ஆக, "உங்க பசங்களுக்கு கேசினோதான் சோறு போடுது"ங்கறது வெறும் லேபிள். உள்ள இருக்கிறது சாதாரண அரசாங்கப் பணம்.

லேபிள்தானே, இருந்துட்டுப் போகட்டும்னு விட முடியலை. அந்த லேபிள் ஒரு வேலை செய்யுது. 2009ல பொருளாதாரம் படுத்தப்போ கோர்டன் கேம்பெல் அரசாங்கம் இந்த 20ஐப் பாதியா வெட்டி 10 ஆக்கிச்சு. பள்ளிக்கூடத்து பட்ஜெட்ல "பாதி கட்"னு அறிவிச்சா ஊரே தெருவுக்கு வந்திருக்கும். இது மானியம், தர்மம், சூதாட்ட உபரி. தர்மம் பண்றவன் குறைச்சுக்கிட்டா யாரு கேட்கிறது? பெற்றோர் சங்கங்கள் கேட்டாங்க, விடாம கேட்டாங்க. 2011 மார்ச்ல கிறிஸ்டி கிளார்க் முதல்வரா வந்ததும் திரும்ப 20 ஆக்கினாங்க. அப்போ வெச்ச அதே 20தான் இன்னும் விண்ணப்பத்துல. விலைவாசி அதுக்குள்ள மூணுல ஒரு பங்கு ஏறிடுச்சு. பஸ்காரர் 2011 வாடகைக்கு வர மாட்டார்.

நம்ம ஊருக்கு இது புதுசு இல்ல. 2003 ஜனவரியில ஜெயலலிதா அரசாங்கம் லாட்டரியைத் தடை பண்ணிச்சு, அதே வருஷம் நவம்பர்ல டாஸ்மாக் சில்லறைக் கடைகளைத் திறந்துச்சு :-) அதுல இருந்து எந்தத் திட்டத்தைப் பத்திப் பேசினாலும் டீக்கடையில ஒருத்தர் "எல்லாம் குடிகாரன் காசுய்யா"ன்னு சொல்லாம இருக்க மாட்டார். அப்படிச் சொல்லிச் சொல்லியே, ஜனங்களோட உரிமையா இருக்க வேண்டியது ஏதோ யாரோ போட்ட பிச்சை மாதிரி ஆகிடுது.

அக்கா இதை ஒத்துக்கலை. அவங்க சொன்னதும் யோசிக்க வேண்டியதுதான். "டேய், நீ வந்து ஒரு நாள் கூட்டத்தைப் பார்த்துட்டு தத்துவம் பேசற. இது கல்வித்துறைப் பணமா வந்தா ஸ்கூல் போர்டு முழுங்கிடும். ஜன்னல் ரிப்பேர், பிரிண்டர் மை, அது இதுன்னு போயிடும். இப்போ எங்க கையில வருது. எதுக்குச் செலவு பண்ணணும்னு நாங்க முடிவு பண்றோம். இங்கிலீஷ் சரியா வராத அம்மாக்கள் கூட கை தூக்கி ஓட்டுப் போடறாங்க. இதை விட மாட்டேன்."

இன்னொண்ணும் சொன்னாங்க. பணக்கார ஏரியாவுல ஒரே ராத்திரி ஏலம் விட்டு இதைப் போலப் பல மடங்கு சேர்த்துடறாங்க. அவங்களுக்கு இந்த 20 டாலர் பீட்ஸாவுல தூவற ஓரிகானோ மாதிரி. அக்கா பள்ளியில ரெண்டு வேலை பார்க்கிற பெற்றோர்தான் பாதிப் பேர். கேக் விக்கிறவங்களும் அவங்கதான், வாங்கறவங்களும் அவங்கதான். எல்லாத் தலைக்கும் ஒரே தொகைன்னு வர்றது இந்த ஒரு பணம் மட்டும்தான். 2009ல பாதியா வெட்டினப்போ வலிச்சதும் இந்த மாதிரிப் பள்ளிகளுக்குத்தான் இருந்திருக்கும், ஏலம் விடற பள்ளிக்கு இல்ல.

அதனால பணம் வேண்டாம்னு நான் சொல்லலை. சங்கத்தோட கைக்கே நேரா வரட்டும், தலைக்கு ஒரே தொகையா வரட்டும், இதே விதிகள் கூட இருக்கட்டும். ஆனா பொதுக் கஜானாவுல இருந்து, விலைவாசிக்கு ஏத்தபடி, பட்ஜெட்ல எழுதி வரட்டும். எப்படியும் கேசினோ பணம் கஜானாவுக்குத்தானே போகுது. அதுல கொஞ்சத்தை மட்டும் வழியிலயே பிரிச்சு, 'கேமிங்'னு முத்திரை குத்தி ஏன் குடுக்கணும்? முத்திரை குத்தினா, நாளைக்குக் கேசினோவுக்குக் கட்டுப்பாடு போடணும்னு யாராச்சும் சொன்னா, "அப்புறம் உங்க பசங்க திடலுக்கு எங்க போவீங்க?"ன்னு பெற்றோரையே முன்னாடி நிறுத்தலாம்.

திடல்னதும் ஞாபகம் வருது. 2018ல மாகாணக் கல்வித்துறையே ஒரு திட்டம் கொண்டு வந்துச்சு. வருஷத்துக்கு 50 லட்சம் டாலர் ஒதுக்கி, தேவை அதிகமா இருக்கிற பள்ளிகளுக்குத் திடல் போட ஆளுக்கு 90,000, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் விளையாடற மாதிரின்னா 1,05,000. அக்கா பள்ளிக்கூடம் வருஷம் 6,200ஐ அப்படியே உண்டியல்ல போட்டாலும் 90,000 சேர 14 வருஷத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள 36 மாச விதி வேற கழுத்தைப் பிடிக்கும். அதாவது திடல் பெற்றோரோட வேலை இல்லைன்னு அரசாங்கமே ஒரு தடவை ஒத்துக்கிட்டு பட்ஜெட்ல எழுதியிருக்கு. திடலுக்கு முடிஞ்சது, சுற்றுலா பஸ்ஸுக்கும் செஸ் போர்டுக்கும் ஏன் முடியாது?

"எழுது, அமைச்சருக்கு எழுது, நானும் கையெழுத்துப் போடறேன். ஆனா முதல்ல இந்த விண்ணப்பத்தை அனுப்பு, ஜூன் 30 கெடு"ன்னாங்க அக்கா. அனுப்பிட்டேன். 310 தலை, அந்தப் பின்வரிசை அப்பாவோட ரெண்டு பசங்களும் சேர்த்துத்தான்.

கடிதமும் எழுதிட்டு இருக்கேன். கனடாவுல வேற மாகாணத்துல இருக்கிற பதிவர்கள், ஆஸ்திரேலியா மக்கள், உங்க பசங்க பள்ளியில இந்த மாதிரிப் பணம் எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சா சொல்லுங்க, கடிதத்துல சேர்த்துக்கறேன்.