நின்றால் கொதிக்கும் வண்டி

மோட்டார் வண்டிகளில் இரண்டு தினுசு உண்டு. ஓடும்போது கோபித்துக் கொள்பவை ஒன்று. நிற்கும்போது கோபித்துக் கொள்பவை மற்றொன்று. நம் மைத்துனருடைய அம்பாஸடர் வண்டி இரண்டாவது தினுசைச் சேர்ந்தது என்பதைச் சென்ற சித்திரை மாதத்தில், ஆம்பூருக்கு அருகே, கொளுத்தும் வெயிலில் அறிந்துகொள்ளும் பாக்கியம் நமக்குக் கிடைத்தது.

அம்பாஸடரை நேயர்களுக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. சீமையில் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பெயருடன் பிறந்து, வங்காளத்து உத்தரபாராவில் நம் தேசத்து வண்டியாகி, மந்திரிகளையும் மாப்பிள்ளைகளையும் பேதமின்றிச் சுமந்து, 2014இல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. உற்பத்தி நின்றாலும் மைத்துனருக்கு அதன்மீதுள்ள பக்தி நிற்கவில்லை. பாலாற்றங்கரைக் கிராமத்தில் உள்ள தம் வீட்டிலிருந்து வேலூருக்கு வந்து, வாணியம்பாடியில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு நம்மையும், மாமியாரையும், மூன்று தாம்பாளங்களையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

ஆம்பூர் வரையில் வண்டி தேர்போல் ஓடிற்று. அங்கே லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டன. நாமும் நின்றோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, வண்டி ஓடவில்லை. ஐந்து நிமிஷத்தில் உஷ்ணமானியின் முள் மேலே ஏறத் தொடங்கிற்று. பத்தாவது நிமிஷத்தில் முன்புறமிருந்து இட்டிலிப் பானையைப் போல் ஆவி எழுந்தது. "புது வண்டி வாங்கு என்று எத்தனை தடவை சொன்னேன்!" என்றார் மாமியார். நாங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போய், சாலையோரத்தில் இருந்த ஒரு பட்டறையில் வண்டியைச் சேர்த்தோம்.

பட்டறைக்காரர் அறுபது வயதைக் கடந்தவர். ஊரார் எல்லோருக்கும் அவர் 'பாய்'தான்.

"பாய், எஞ்சின் போய்விட்டதா?" என்று மைத்துனர் கலக்கத்துடன் கேட்டார்.

"ஐயா, முதலில் ஒன்று சொல்லுங்கள். ஓடும்போது கொதித்ததா, நின்றபோது கொதித்ததா?" என்றார் பாய்.

வைத்தியர் நாடி பார்ப்பது போன்ற கேள்வி அது. பெட்ரோல் எரிவதால் பிறக்கும் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான் வாங்கிக்கொண்டு போய் ரேடியேட்டரில் விடவேண்டும். வண்டி ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நிற்கும்போது அந்தக் காற்று இல்லை. விசிறி ஒன்றே கதி. பழைய வண்டிகளில் அந்த விசிறியை எஞ்சினே பெல்ட் போட்டுச் சுழற்றுகிறது. எஞ்சின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகவே சுழலும். ஆகவே ஓடும்போது ஒழுங்காயிருந்து நின்றபோது கொதித்தால், முதல் சந்தேகம் காற்றின்மீது. வேகமாக ஓடும்போதும் மேடேறும்போதும் கொதித்தால், முதல் சந்தேகம் தண்ணீரின் ஓட்டத்தின்மீது.

மைத்துனர் உடனே ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். பாய் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். நேயர்களும் இதை நினைவில் வைக்கவேண்டும். அந்த மூடி தண்ணீரை அழுத்தி வைத்திருக்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் இருந்தால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. ஏறக்குறைய 111 டிகிரியில்தான் கொதிக்கும். சூடாக இருக்கையில் திறந்தால் அழுத்தம் நீங்கி, தண்ணீர் அத்தனையும் பொங்கி முகத்தில் அடிக்கும். மூடியின் ரப்பர் நைந்துபோனாலோ, வண்டி சீக்கிரமே கொதிக்கும்.

அரைமணி நேரம் காத்திருந்தோம். பிறகு பரீட்சை தொடங்கிற்று. மூடியின் ரப்பர் நன்றாயிருந்தது. பாய் விசிறிப் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினார். அரை அங்குலம் தாழவேண்டிய பெல்ட் ஓர் அங்குலத்துக்கும் மேல் தாழ்ந்தது. அதன் பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்தன. "வழுக்குகிறது" என்று சொல்லி அதை இறுக்கினார். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையில் அடைத்திருந்த தூசியையும் பூச்சிகளையும் உட்புறமிருந்து வெளியே தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். குறைந்திருந்த தண்ணீரை நிரப்பி எஞ்சினை ஓடவிட்டார். ரேடியேட்டர் வாயில் குமிழிகள் விடாமல் எழுந்தால், எஞ்சினின் தலைப்பாகத்துக் காஸ்கெட் வெடித்து எரிவாயு தண்ணீருக்குள் புகுகிறது என்று பொருளாம். குமிழி எழவில்லை. பொறி தாமதமாகப் பாய்ந்தாலும் உஷ்ணம் மிகுமாதலால் அதையும் சோதித்தார். அதுவும் சரியாகவே இருந்தது.

முள் முன்னைப்போல் விரைந்து ஏறவில்லை. ஆனால் ஏறுவதை நிறுத்தவுமில்லை.

பாய் எஞ்சினை நிறுத்திவிட்டு, ரேடியேட்டரின் முகத்தை விரல்களால் மெல்லத் தடவினார். மேலே சுட்டது, கீழே பல இடங்களில் குளிர்ந்திருந்தது. சுடுதண்ணீர் ஓடவேண்டிய குழாய் குளிர்ந்திருந்தால், அதில் தண்ணீரே ஓடவில்லை என்றுதானே அர்த்தம்? ரேடியேட்டரைக் கழற்றி மேல்தொட்டியைப் பிரித்தார். குழாய்களின் வாயில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புப் பாறை படிந்திருந்தது. பாதிக் குழாய்கள் முற்றும் அடைபட்டிருந்தன. செம்பு கடத்தும் உஷ்ணத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட இந்தப் படிவு கடத்துவதில்லை. சமதரையில் ஓடும்போது எதிர்காற்று இந்தக் குறையை மறைத்துக்கொண்டு வந்திருக்கிறது. நின்றவுடன் குட்டு வெளிப்பட்டது.

"எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?"

"வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்தான். பதினைந்து வருஷமாக அதுதான்" என்றார் மைத்துனர்.

"வண்டி செய்தவன்மேல் குற்றமில்லை, ஐயா. இந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை வண்டிக்கு ஊற்றலாமா? சுண்ணாம்பு படியும், உப்பு உலோகத்தை அரிக்கும்" என்ற பாய், பையனை அனுப்பிக் கேன் தண்ணீர் வாங்கிவரச் சொன்னார். குழாய்களைக் கம்பிவிட்டுத் துப்புரவு செய்து, அந்தத் தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றிய பிறகு, வண்டி நின்ற இடத்திலேயே அரைமணி நேரம் ஓடியும் முள் அசையவில்லை.

ஆனால் நம் மனம் அசைந்துவிட்டது. பூமியின் இயல்பினாலேயே நீர் கடினமாயிருக்கும் ஊர்கள் உண்டு. ஆயினும் வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தின் கதை அதோடு முடிவதில்லை. தோல் அழுகாமலிருக்க உப்பு. முடி நீக்கச் சுண்ணாம்பு. பதனிட, ஆவாரம்பட்டையின் காலத்துக்குப் பிறகு, குரோமியம். ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பிலேயே கண்டிருக்கிறது. அந்தத் தண்ணீர் பல்லாண்டுகள் பாலாற்றிலும் வயல்களிலும் விடப்பட்டது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழாயிற்று என்பதும் அதே தீர்ப்பில் உள்ள கணக்கு.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி பிறந்த தீர்ப்பு அது. கெடுத்தவனே ஈடு செய்யவேண்டும் என்ற நியாயத்தை நம் தேசத்துச் சட்டத்தில் ஊன்றி நிறுத்திய பெருமை அதற்கு உண்டு. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பெருகின. கழிவுநீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்கும் முறையும் வந்தது. இந்தத் தொழிலை நம்பி எத்தனையோ ஆயிரம் குடும்பங்கள் அடுப்பு மூட்டுகின்றன. செருப்புத் தொழிற்சாலைகளுக்கு விடியற்காலையில் கூட்டங்கூட்டமாகச் செல்லும் பெண்களை ஆம்பூரில் யாரும் காணலாம். தொழில் அழியவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நஷ்டஈடு முறையாகச் சேரவும், சேதத்தை ஆராய ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதியின் தலைமையில் குழு அமையவும், 2025 ஜனவரி 30இல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் உத்தரவிட நேர்ந்தது. இடையில் 28 ஆண்டுகள்! எஞ்சின் ஓடியும் வண்டி நகராமலிருந்தால் உஷ்ணம் எங்கே போகும்? உள்ளேயிருப்பவர்கள்தான் வேகவேண்டும்.

பாய் கூலி வாங்கிக்கொள்ளும்போது, "வண்டிக்குக் கேன் தண்ணீர் ஊற்றிவிட்டோம். நாங்கள் சிறுவயதில் அந்தக் கிணறுகளில் குனிந்து கையால் அள்ளிக் குடித்தவர்கள், ஐயா. இப்போது குடத்துக்கு விலை கொடுக்கிறோம்" என்றார். குரலில் கோபம் இல்லை.

வாணியம்பாடிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தாம்பூலம் மாற்றியாகிவிட்டது. சம்பந்திகள் கோபிக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் மாமியார் வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் வந்தார். ஊர் நெருங்கியதும் மைத்துனரைப் பார்த்து, "ஏனப்பா, அந்தத் தண்ணீர் வண்டிக்கு ஆகாது என்றால், நம் வீட்டுப் பசுவுக்கு மட்டும் ஆகுமா?" என்று கேட்டார்.

மைத்துனர் பதில் சொல்லவில்லை. மறுநாள் அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு சீசாவில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.