கரண்ட் பில் எகிறுதா? ஜன்னலைப் பாருங்க!

சென்னையில் எந்த வீட்டில் கரண்ட் பில் எகிறினாலும் பழி ஏ.சி. மிஷின் மேல்தான். மெக்கானிக் வருகிறார். "மிஷின்லே ஒண்ணுமில்லே சார்" என்று சொல்லி, காசை வாங்கிக்கொண்டு போகிறார். உண்மையான குற்றவாளி அறைக்குள்ளேயே நிற்கிறான். அவன் பெயர் ஜன்னல்!

மேற்கு பார்த்த அறை. நாலடிக்கு நாலடி கண்ணாடி. பகல் 3 மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே பாய்கிறது. உள்பக்கம் திரை போட்டால் போதும் என்று நினைப்பது தப்பு. கண்ணாடியைத் தாண்டிய சூடு வந்தது வந்ததுதான். வெளியிலேயே மறிக்க வேண்டும். சாயங்கால வெயில் தாழ்ந்து வருவதால் சன்ஷேடு மட்டும் போதாது. மூங்கில் தட்டியும் வேண்டும். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பழைய வீடுகளில் சாய்வுப் பலகை வைத்த மர ஜன்னல் உண்டு. வெயில் வெளியே நிற்கும், காற்று உள்ளே வரும். அதைப் பெயர்த்துவிட்டு அலுமினிய ஸ்லைடிங் மாட்டுவதுதான் இப்போது நாகரிகமாம்!

ஸ்லைடிங்கில் உள்ள சூது பலருக்குத் தெரிவதில்லை. எப்படித் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். 16 சதுர அடி ஜன்னலில் காற்று வருவது 8 சதுர அடியில். மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' விதி, சென்னை போன்ற புழுக்கமான ஊர்களில் திறக்கக்கூடிய பரப்பு வீட்டுத் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு வேண்டும் என்கிறது. 600 சதுர அடி வீட்டுக்கு 100 சதுர அடி. பால்கனிக் கதவையும் சேர்த்துக் கூட்டினாலும் எத்தனை வீடுகள் தேறும்?

மாட்டுகிற வேலையும் அரைகுறை. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைகிற சந்து. அதன் மேல் சிமெண்டைப் பூசி, பெயிண்ட் அடித்து மறைத்துவிடுகிறார்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, ஏற்றிய ஊதுபத்தியை ஓரமாகக் காட்டினால் புகை ஆடி ஆடிக் காட்டிக் கொடுக்கும். ரப்பர் பட்டையும் சிலிக்கானும் வைத்து அடைத்தால் தீர்ந்தது. கதவின் அடியில் பிரஷ் பட்டை போதும். பெரிய செலவு இல்லை.

ஆனால் கட்டுகிறவர் மிச்சம் பிடிக்கிறார். குடியிருப்பவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தண்டம் கட்டுகிறார். வாடகைக்காரர் ஆணி அடிக்கவே அனுமதி கேட்க வேண்டும். அவர் எங்கே சன்ஷேடு கட்டுவது?

வீடு பார்க்கப் போகிறவர்கள் காலையில் போகாதீங்க. சாயங்காலம் 4 மணிக்குப் போய், மேற்கு ஜன்னலை முழுசாகத் திறந்து காட்டச் சொல்லுங்க. அட்வான்ஸ் அதற்கப்புறம்.