சோதனையாளருக்கு நிரலறிவு வேண்டுமா?

மொழியியல் படித்த மாணவர் மென்பொருள் சோதனைப் பணிக்கு விண்ணப்பித்தால், பல இடங்களில் முதல் கேள்வியே நிரல் எழுதத் தெரியுமா என்பதுதான். தெரியாது என்றால் நேர்காணல் அங்கேயே முடிந்துவிடுகிறது. 2022இல் நடுவண் அரசு தொடங்கிய பாஷிணித் திட்டம் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளையும் கணினிக்குள் கொண்டுவர முனைகிறது. இந்தச் சூழலில் அவ்வாறு வடிகட்டுவது முறையா என்று தில்லியில் இருக்கும் நாம் கேட்டாக வேண்டும்.

நிரலறிவு சோதனையாளரின் திறனைக் கூட்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. தமிழிலிருந்தே சான்று தரலாம். 'கொடி' என்று தேடுகிறோம். ஆவணத்தில் அச்சொல் கண்முன்னே இருந்தும் தேடல் அதைக் கண்டுபிடிக்கவில்லை. காரணம், யூனிகோடில் ஒகர உயிர்க்குறியை ஒரே குறியெண்ணாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியெண்களாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. மொழி மட்டும் அறிந்தவர், "தேடல் சில நேரங்களில் வேலை செய்வதில்லை" என்று எழுதுவதோடு நின்றுவிடுவார். அத்தகைய அறிக்கையைக் கிடப்பில் போடுவது எளிது. நிரலறிந்தவர் குறியெண்களைப் பிரித்துக்காட்டிப் பிழையின் இருப்பிடத்தையே சொல்லிவிடுவார்.

இனி மறுபக்கம். ஒரு செயலி பெயர்களையும் சொற்களையும் வரிசைப்படுத்துகிறது. யூனிகோடின் தமிழ்ப் பகுதி இஸ்கி தரத்தைப் பின்பற்றி அமைந்தது. இஸ்கியோ எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே சட்டகத்தில் பொருத்த முயன்றது. அதனால் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வந்து அமர்ந்தன. குறியெண் வரிசைப்படி 'மனம்' முன்னும் 'மயில்' பின்னும் வரும். நம் அகரவரிசையில் னகரம் கடைசி மெய். 'மயில்' முன்னே, 'மனம்' பின்னே வரவேண்டும். குறியெண்கள் ஏறுவரிசையில் உள்ளனவா என்று மட்டும் பார்க்கும் தானியங்கிச் சோதனை பத்தாயிரம் சொற்களைச் சில நொடிகளில் சரிபார்த்து, பத்தாயிரத்தையும் 'சரி' என்று சொல்லும். தவற்றை விரைவாக உறுதிசெய்வதால் யாருக்குப் பயன்?

கிளென்ஃபோர்ட் மயர்ஸ் 1979இல் வெளியிட்ட நூலில், பிழை காணும் நோக்கோடு நிரலை இயக்குவதே சோதனை என்று வரையறுத்தார். பிழை காண, எது சரி என்று முதலில் தெரிய வேண்டும். அந்த அளவுகோலைத் தருவது துறையறிவு. வங்கிச் செயலிக்குக் கணக்கியலும் மருத்துவமனைச் செயலிக்கு மருத்துவப் பதிவுமுறையும் எப்படியோ, மொழிச் செயலிக்கு இலக்கணமும் எழுத்தமைதியும் அப்படி. பிழை ஏன் நேர்ந்தது என்பதைத் தேடவும், ஒரு சோதனையை ஆயிரம் முறை நடத்தவும் நிரலறிவு உதவும். ஆனால் அளவுகோலை அதுவே உருவாக்கித் தராது.

"தமிழ்நாட்டு நிரலாளருக்கு அகரவரிசை தெரியாதா?" என்று கேட்கலாம். தெரியும். ஆனால் 22 மொழிகளையும் ஒரே குழு சோதிக்கும்போது, ஒவ்வொரு மொழிக்கும் அதை வாசிப்பவர் ஒருவர் அக்குழுவில் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. நிரல்தேர்வில் வென்றோரை மட்டும் சேர்த்தால் அந்த வாய்ப்பு இன்னும் குறையும். விளைவைச் சுமப்பவர், அகரவரிசைப்படி தம் பெயரைப் பட்டியலில் தேடி, அது அங்கே இல்லையென்று திரும்பிப்போகும் முதியவர்.

ஆகவே இரண்டு பரிந்துரைகள். மொழியியல் துறைகள் முதுகலைப் பாடத்திட்டத்தில் எழுத்துக் குறியாக்கத்தையும் அடிப்படை நிரலாக்கத்தையும் ஒரு பருவமாவது கற்பிக்க வேண்டும். நம் மாணவர் 'எனக்குக் கணினி வராது' என்று ஒதுங்குவதற்கு இனி நியாயமில்லை. மொழிச் செயலிகளை உருவாக்குவோர், நிரலறிந்த ஒருவரையும் மொழியறிந்த ஒருவரையும் இணையாக அமர்த்திச் சோதிக்க வேண்டும். நிரலைப் பணியில் சேர்ந்தபின் கற்றுக்கொள்ளலாம். அதை நுழைவாயிலில் பூட்டாக மாட்டிவைக்க வேண்டியதில்லை.