சொல் இல்லாவிட்டால் பாட்டில்லையா?

சென்ற மாதம் சல்லிக்குப் போயிருந்தேன். முத்துமாரியம்மன் கோயிலுக்கு அப்பால், கரையேற்றிய வள்ளமொன்றின் விளிம்பிலிருந்து இளைஞனொருவன் கிற்றார் வாசித்துக்கொண்டிருந்தான். பெருவிரல் தடித்த தந்திகளில் நடைபோட, ஏனைய விரல்கள் மெல்லிய தந்திகளில் மெட்டை மீட்டின. பாடகர் இல்லை, தாளக்காரர் இல்லை, ஒரே ஆள்தான் கச்சேரி. பக்கத்தில் வலையைச் சீர்செய்துகொண்டிருந்த பெரியவர் பொறுமையிழந்தார்.

"தம்பி, பாட்டைப் பாடு. சும்மா என்னத்தை நோண்டிக்கொண்டு இருக்கிறாய்?"

அவரைக் குறைசொல்லேன். அப்படிக் கேட்கப் பழக்கியவர்கள் எம்மைப் போன்றவர்கள். எத்தனையோ கச்சேரிகளுக்கு விமர்சனம் எழுதியிருக்கிறேன். பாடகருக்கு முழுப் பத்தி. வாசித்தவர்களுக்கு, "பக்கவாத்தியங்களும் சோடைபோகவில்லை" என்று கடைசி வரி. இடம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவதும் அந்த வரிதான். வெட்டியது இந்தக் கை.

1982இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா'வை எடுத்துக்கொள்ளுங்கள். உலகெங்குமுள்ள தமிழர் அதை இனங்காண்பது முதற்சொல்லால் அன்று, அதற்கு முன்வரும் கிற்றாரால். இசையமைத்தவர் இளையராஜா, பாடியவர் எஸ். பி. பாலசுப்பிரமணியம், எழுதியவர் வைரமுத்து, வாயசைத்தவர் மோகன். எல்லாம் மனப்பாடம். வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்று எத்தனைபேர் சொல்வீர்கள்?

சொல்லில்லா இசை நமக்குப் புதிதன்று. திருவிழா இரவில் நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தை விரித்துக்கொண்டே போகையில் எவரும் சொல் கேட்பதில்லை. கிற்றாரைக் கண்டால் மட்டும் கேட்கிறோம். பறங்கியரின் ஆட்டங்களுக்கும் பைலாவுக்கும் சினிமாவுக்கும் துணையாகவே அதை அறிந்தோம். துணைக்கு வந்தவன் தனியே பேசினால் பொறுப்பதில்லை.

அந்நியக் கருவியாம். வயலின் எந்தக் கோயில் வீதியில் முளைத்தது? பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கையிலெடுக்கவில்லையா? மாண்டலினில் ஸ்ரீநிவாஸும், மின்கிற்றாரில் சுகுமார் பிரசாத்தும் பிரசன்னாவும் கமகம் காட்டவில்லையா?

வசதிபடைத்தோர் பொழுதுபோக்காம். இந்த விரல்நடையைப் பரப்பிய மேர்ல் டிராவிஸ், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் வளர்ந்தவர். பெருவிரலும் சுட்டுவிரலுமே அவருக்குப் போதுமாயிருந்தன. வானொலியில் அவரைக் கேட்ட செட் அட்கின்ஸுக்கு இது தெரியாது, கையைப் பார்க்கவில்லையே! அந்த ஒலியைப் பிடிக்க மேலும் விரல்களைச் சேர்த்துக்கொண்டார். அதுவே தனிப்பாணியாயிற்று. காதால் கேட்பதென்றால் அப்படிக் கேட்கவேண்டும். "இசைக்கு மொழியில்லை" என்று மேடையில் முழங்கும் நம் பிரமுகர்களோ, பாடகர் மூச்சுவாங்கும் இடத்தில் தேநீருக்கு எழுந்து போகிறவர்கள்.

பாட்டிலுள்ள துயரம் பாடலாசிரியர் கொடுத்தது. இன்னதற்கு அழு என்று சொல் கட்டளையிடும். தந்தி அப்படிக் கட்டளையிடுவதில்லை. கேட்பவர் தம் சொந்தத் துயரத்தை அதில் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கரையில் அதற்குப் பஞ்சமில்லை.

பையன் பெரியவரின் பேச்சைத் தட்டவில்லை. சினிமாப் பாட்டொன்றை எடுத்தான். பெருவிரலின் நடை நின்றது. கை வெறுமனே மேலும் கீழும் உரசியது. குரல் சுமார்தான். பெரியவருக்குப் பரம திருப்தி.